சுவரில் நடக்கும் வெள்ளரி விதை

போன ஆனி மாதம், சாரல் விடாமல் பெய்த ஒரு மத்தியானம், அண்ணன் மகள் குளியலறைச் சுவரைக் காட்டி, "சித்தப்பா, கூட்டுப்புழு நடக்குமா?" என்று கேட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் புத்தகத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நான்கு படம் வரைந்து அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். மூன்றாவது படத்தில் இருப்பது தின்னாது, நடக்காது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே அவள் கண்ணெதிரில் ஒரு கூடு சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளரி விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கும். இரண்டு முனையும் ஒடுங்கி, நடுவில் கொஞ்சம் பருத்து, தட்டையாக. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு கருந்தலை எட்டிப் பார்க்கும். உடனே விதை ஒரு மில்லிமீட்டர் நகரும். தென் மாவட்டத்திலும் கேரளத்திலும் மழை பெய்கிற ஊர்களில் இதைப் பார்க்காத வீடு குறைவு. பார்த்தும் தூசி என்று துடைத்துவிடுகிற வீடுகள்தான் அதிகம்.

அவள் கேள்விக்குப் பதில்: கூட்டுப்புழு நடக்காது. அவள் பார்த்தது கூட்டுப்புழு இல்லை. கூட்டைச் சுமந்து நடக்கிற ஓர் அந்துப்பூச்சியின் புழு. கூடு என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருப்பதால் வருகிற குழப்பம் இது. பட்டுப்புழு தின்று முடித்தபிறகு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டுகிறது. ஒரே தடவை கட்டுவது, ஓரிடத்தில் ஒட்டியிருப்பது. அதற்குள் கூட்டுப்புழுவாக மாறி, அந்துப்பூச்சியாக வெளியே வருகிறது. நம் சுவர்க்காரன் அப்படி இல்லை. முட்டையிலிருந்து வந்ததுமே கட்டத் தொடங்கிவிடுகிறது. தான் வளர வளர அதையும் பெரிதாக்கி, போகிற இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. தின்பது, தோலுரிப்பது, கடைசியில் கூட்டுப்புழு ஆவது எல்லாம் அதே ஒன்றுக்குள்தான். குழப்பம் வராமலிருக்க இந்த நடமாடும் கூட்டை இனி 'உறை' என்று சொல்கிறேன்.

இந்தப் பூச்சிகளை அடையாளம் காண்பதற்கு உறைதான் முதல் ஆதாரம். உள்ளே இருக்கிற புழு வெளிறிப்போய், பார்க்கிற எல்லாப் புழுவையும் போலத்தான் இருக்கும். உறையின் வடிவம், வாய் எத்தனை, என்ன பொருளால் கட்டியது, எங்கே இருந்தது என்ற நான்கையும் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கே, எப்படிப் பார்ப்பது

எங்கள் வீடு புளியரையில். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு மலை ஏறுகிற சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வரும். கொடியில் போட்ட துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், பழைய சுண்ணாம்புச் சுவரைத் தொட்டால் உள்ளங்கை வெள்ளையாகும். இந்தப் பூச்சிக்குக் காற்றில் அந்த ஈரம் வேண்டும். அதனால்தான் குளியலறை, சமையல்கட்டின் பின்சுவர், தொட்டியை ஒட்டிய மூலை, பரணுக்குக் கீழே, நகர்த்தாத பீரோவுக்குப் பின்னால் என்று தேடினால் கிடைக்கும். இன்னொரு தடயம் ஒட்டடை. சிலந்தி விட்டுப்போன பழைய ஒட்டடை எந்த மூலையில் தொங்குகிறதோ, அதற்குக் கீழே ஒரு சாண் அளவுக்குச் சுவரைத் தேடுங்கள்.

விளக்கை நேராக அடிக்காமல், சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடிப்பது நல்லது. சுவரில் கொஞ்சம் புடைத்திருக்கிற எதற்கும் நிழல் நீளமாக விழும், உறை உடனே கண்ணில் படும். 10 மடங்கு பெரிதாக்குகிற கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். கைப்பேசிக் கேமராவை லென்ஸின் மேல் வைத்தும் படம் எடுக்கலாம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துவிடுங்கள். பின்னால் பார்க்கும்போது அளவு தெரியாத படத்தால் பெரிய பயன் இல்லை.

வளர்ந்த புழுவின் உறை 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். வெளிப்புறம் மணல், காரைப்பொடி, துரு, தூசி, நூல், பூச்சியின் காலோ இறகோ உடைந்த துணுக்கு என்று கையில் கிடைத்ததெல்லாம் ஒட்டியிருக்கும். உட்புறம் வழுவழுப்பான பட்டு. புழுவின் கீழுதட்டிலிருந்து வருகிற இழை அது. மல்பெரிப் பட்டுப்புழு நூற்பதும் இதே மாதிரிதான். ஒரு காலியான உறையைக் கத்தரித்து உள்ளே பாருங்கள், வெளியே அத்தனை சொரசொரப்பாக இருப்பது உள்ளே வெள்ளைப் பட்டாக மினுங்கும்.

உறையின் இரு முனையிலும் ஒரு கீறல் மாதிரி வாய் உண்டு. மூடிய உதடு போல இருக்கும். புழு இரண்டு பக்கமும் தலை நீட்டும். நடுப்பகுதி அகலமாக இருப்பது இதற்காகத்தான்; உள்ளே மடங்கித் திரும்பிக்கொள்ள இடம் வேண்டும். பென்சில் முனையால் ஒரு பக்கத்தை மெதுவாகத் தொட்டால் தலை சட்டென்று உள்ளே போகும், வாய் மூடிக்கொள்ளும். அப்படியே இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால், சில சமயம் அடுத்த முனையில் தலை வரும். அண்ணன் மகள் இதை முதல் தடவை பார்த்தபோது உள்ளே இரண்டு புழு இருக்கிறது என்று அடித்துச் சொன்னாள். ஒன்றுதான்.

தலை வெளியே வரும்போது கவனியுங்கள். தலையும், தலைக்கு அடுத்த மூன்று உடல் வளையங்களின் மேல்புறமும் கரும்பழுப்பாக, கெட்டியாக இருக்கும். அதற்குப் பின்னால் உடம்பு முழுக்க வெள்ளை, மெத்தென்று இருக்கும். காரணம் எளியது: வெளியே நீட்டுகிற பகுதிக்கு மட்டும் கவசம், உறைக்குள்ளேயே இருக்கிற பகுதிக்குக் கவசம் தேவையில்லை. முன்னால் இருக்கிற மூன்று ஜோடிக் கால்களால் சுவரைப் பற்றி இழுக்கும். பின்னால் வயிற்றுப் பகுதியில் இருக்கிற சதைக்கால்களின் நுனியில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அவற்றால் உறையின் பட்டு உட்புறத்தைப் பிடித்துக்கொள்ளும். முன்கால் சுவரை இழுக்க, பின்கால் வீட்டை இழுக்க, இப்படித்தான் நடை. இதனால் ஒரு முக்கியமான விஷயம்: புழுவைப் பார்க்கிற ஆசையில் உறையைவிட்டுப் பிடித்து இழுக்காதீர்கள். கொக்கி விடாது, புழு பிய்ந்துபோகும்.

உறை வளர்வதை வீட்டிலேயே பார்க்கலாம்

புழு வளர்ந்தால் உறையும் வளர வேண்டும். எப்படி வளர்க்கிறது? 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ரெயோமூர் என்ற அறிஞர் துணி அரிக்கும் அந்துப் புழுக்களை வைத்து இதைச் சோதித்தார். ஒரு நிறக் கம்பளியில் வளர்ந்த புழுவை வேறு நிறக் கம்பளிக்கு மாற்றிவிட்டார். புழு புதிய நிற இழைகளை எடுத்து உறையின் இரு முனையிலும் சேர்த்தது. எங்கே வளர்ந்தது என்று நிறமே காட்டிவிட்டது. அகலம் போதாதபோது, உறையை நீளவாக்கில் கிழித்து, நடுவில் புதிதாக ஒரு துண்டு வைத்து இணைத்தது. சின்னதாகிப்போன ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துத் துண்டு கொடுத்துத் தைக்கிற அதே வேலை.

நாங்கள் கம்பளிக்குப் பதில் செங்கல் எடுத்தோம். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அடியில் செங்கல்லைப் பொடித்துச் சலித்த தூளை மெல்லப் பரப்பினோம். ஒரு மூலையில் பழைய ஒட்டடைத் திரள், ஒரு செத்த கொசு. மூடியில் ஈரப் பஞ்சைக் கட்டி, துளை போட்டு மூடினோம். பஞ்சிலிருந்து சொட்டுகிற அளவுக்கு ஈரம் கூடாது, பூஞ்சணம் வந்துவிடும். பாட்டிலுக்குள் விட்டது 6 மில்லிமீட்டர் உறை, முழுக்கச் சாம்பல் நிறம். முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. ஒட்டடையின் மேல் போய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாள் காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒரு வாயின் ஓரத்தில் வரிசையாக நான்கைந்து சிவப்புத் துணுக்கு, குங்குமம் தொட்டு வைத்த மாதிரி. பத்து நாளில் இரு முனையிலும் சிவப்பு விளிம்பு. நடுவில் மட்டும் பழைய சாம்பல் பட்டை. எங்கள் குளியலறைச் சுவரில் இருந்த காலம் நடுவிலும், பாட்டிலுக்கு வந்தபிறகான காலம் ஓரங்களிலும் இருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சுவரில் இருக்கிற உறைகளையும் வேறு மாதிரி பார்க்கலாம். கொல்லைப்புறத்தில் நாங்கள் எடுத்தவற்றில் செம்மண் அதிகம். உள் அறையில் எடுத்ததில் நீலச் சாயச் சுவரின் துணுக்கு இருந்தது. ஒரே வீட்டில், ஒரே பூச்சிதான். அதனால் நிறத்தை வைத்து இது வேறு இனம் என்று முடிவுகட்டக் கூடாது. நிறம் இடத்தைச் சொல்லும், வடிவம்தான் யார் என்று சொல்லும்.

என்ன தின்கிறது

அந்துப் புழு என்றால் இலை தின்னும் என்றுதான் நினைப்போம். பெரும்பாலானவை அப்படித்தான். இது சேர்ந்த டினீயிடே குடும்பம் விலகி நிற்கிறது. பூஞ்சை, மக்கிய பொருள், முடி, இறகு, கம்பளி என்று மற்றவை தொடாததைத் தின்கிற கூட்டம் அது. ஆப்பிரிக்காவில் செத்த மானின் கொம்பைத் தின்று வளர்கிற அந்துப்பூச்சி ஒன்றுகூட இந்தக் குடும்பத்தில் இருக்கிறது. முடியும் கம்பளியும் கொம்பும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அதை நம்மால் செரிக்க முடியாது, நாய் பூனையாலும் முடியாது. இந்தக் குடும்பத்தில் சில புழுக்களின் குடலில் அதைப் பிணைத்திருக்கும் கந்தகக் கட்டுகளை உடைக்கிற வசதி இருக்கிறது.

நம் வீட்டுச் சுவர்க்காரனுக்குப் பிடித்த சாப்பாடு பழைய ஒட்டடை. சிலந்தி இழையும் புரதம்தான். அப்புறம் உதிர்ந்த தலைமுடி, செத்த பூச்சி, சில சமயம் தன் இனத்தின் காலி உறை. அனெட் ஐயெல்லோ என்ற ஆய்வாளர் பனாமாவில் இந்தப் பூச்சியின் வாழ்க்கையை முட்டையிலிருந்து கவனித்து 1979இல் எழுதினார். செத்த கொசுவும் தன் தலைமுடியும் கொடுத்து வளர்த்தார். இத்தனை சாதாரணமான பொருளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்ய முடிந்திருக்கிறது என்பது எனக்கு இப்போதும் பெரிய விஷயமாகப் படுகிறது.

இது கடிக்காது, கொட்டாது. அரிசி பருப்பைத் தொடாது. கம்பளிச் சால்வை, குல்லாய் போன்றவற்றை மாதக்கணக்கில் எடுக்காமல் மூலையில் போட்டு வைத்தால் தின்ன வாய்ப்புண்டு. வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஒட்டடைக் கம்பை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். சாப்பாடு இல்லாத இடத்தில் தங்காது. இதற்காக மருந்து அடிப்பது தேவையில்லாத வேலை, அதுவும் குளியலறை மாதிரி காற்றோட்டம் குறைந்த இடத்தில் அடிக்கவே கூடாது.

பெயர் என்ன, எதனோடு குழம்பும்

சுவரில் நடக்கிற, தட்டையான, இரு முனையிலும் கீறல் வாய் உள்ள உறை என்றால் அது ஃபெரியோய்க்கா என்ற பேரினம். கிரேக்கத்தில் வீட்டைச் சுமப்பவன் என்று பொருள். இதில் ஃபெரியோய்க்கா உட்டெரெல்லா என்ற இனத்துக்கு வால்சிங்ஹாம் 1897இல் பெயர் வைத்தார். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1892இல், ரெபெல் பெயர் வைத்த அல்லுட்டெல்லா என்ற இன்னோர் இனமும் உண்டு. இரண்டையும் உறையை வைத்துப் பிரிக்க முடியாது. வளர்ந்த பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஆகவே படத்தின் கீழே பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பீரோவுக்குள், கம்பளித் துணியின் மேலேயே, தட்டையாக இல்லாமல் உருண்டையான சின்னக் குழாய் மாதிரி உறை இருந்தால் அது வேறு. லின்னேயஸ் 1758இலேயே பெயர் வைத்த டினியா பெல்லியோனெல்லா, அல்லது அதன் நெருங்கிய சொந்தம். அதன் உறை தின்கிற துணியின் இழையாலேயே ஆனது, துணி என்ன நிறமோ அதே நிறம். மணலும் காரையும் அதில் இருக்காது. அரிசி மூட்டையில், ரவை டப்பாவில் மணிகளை நூலால் பிணைத்துக் கட்டிகட்டியாக்குவது இன்னொன்று, அரிசி அந்துப்பூச்சியின் புழு. அது கட்டுவது ஓடியாடுகிற சுரங்கம். தூக்கிக்கொண்டு நடக்கிற உறை அல்ல.

வீட்டுக்கு வெளியே வந்தால் எல்லாரும் குழம்புகிற ஆள் ஒன்று இருக்கிறது. வேலமரத்தில் சின்னச் சின்னக் குச்சிகளை நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய பை தொங்கும், பார்த்திருப்பீர்கள். அது சைக்கிடே என்ற வேறு குடும்பம். சில வகைகளில் பெண்ணுக்கு இறகே கிடையாது, கடைசிவரை பைக்குள்ளேயே இருந்து அங்கேயே முட்டையிடும். ஆண் மட்டும் பறந்து தேடி வரும். அதே குடும்பத்தில் ரொம்பச் சின்னவை பாசி பிடித்த மதிலிலும் இருக்கும், அவற்றைத்தான் நம் சுவர்க்காரனோடு குழப்பிக்கொள்வார்கள். உறையை நன்றாகப் பாருங்கள். குழாய் போல உருண்டு, எப்போதும் ஒரே முனையில் தலை நீட்டி, மறுமுனையைத் தூக்கிக்கொண்டோ தொங்கவிட்டோ போனால் அது சைக்கிடே. தட்டையாகச் சுவரோடு படிந்து, இரு முனையையும் வாயாகப் பயன்படுத்தினால் நம்முடையது.

இன்னொன்று சொல்ல ஆசை. மலையிலிருந்து வருகிற ஓடைகளில் தண்ணீருக்குள் கல்லைப் புரட்டினால், மணலை ஒட்டிச் செய்த குட்டிக் குழாய்க்குள் ஒரு புழு இருக்கும். அது டிரைக்கோப்டெரா என்ற வரிசையைச் சேர்ந்தது. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் மிக நெருங்கிய பங்காளி. அதற்கும் இழை வாய்ப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. தண்ணீருக்குள் ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று. இரண்டுமே மணலை இழையால் கோத்து வீடு செய்கின்றன.

காலி உறை சொல்வது

முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறக்குறைய இரண்டரை மாதம். முட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெளிர்நீலம். ஒரு பெண் பூச்சி 200 முட்டை வரை இடும், சுவர் இடுக்கில், தரையும் சுவரும் சேர்கிற மூலையில் ஒட்டிவைக்கும். புழுவாக இருப்பது 50 நாள் அளவுக்கு, அதற்குள் ஆறேழு பருவம். பிறகு சுவரில் கொஞ்சம் உயரமாக ஏறி, உறையின் இரு முனையையும் இழையால் சுவரோடு கட்டிவிடும். நேற்று ஓடிக்கொண்டிருந்த விதை இன்று தொட்டாலும் நகரவில்லை, லேசாகத் தள்ளினால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் உள்ளே கூட்டுப்புழு ஆகிறது என்று அர்த்தம். புத்தகத்தின் மூன்றாவது படம் இப்போதுதான் வருகிறது. 11 முதல் 23 நாள் வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

வெளியே வருகிற பூச்சி சாம்பல் நிறம். இறகை விரித்தால் பெண் 10 முதல் 13 மில்லிமீட்டர், ஆண் அதைவிடச் சின்னது, ஒல்லி. முன்னிறகில் மங்கலாகச் சில கரும்புள்ளி, பின்னிறகின் ஓரத்தில் நீளமான மயிர்க்குஞ்சம். விளக்கைச் சுற்றிக் கூத்தாடாது. சுவரிலும் பழைய ஒட்டடையிலும் இறகை மடித்து உட்கார்ந்திருக்கும்.

சுவரில் கட்டிய உறையின் ஒரு முனையில், பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி நல்லபடியாக வெளியேறிவிட்டது. கூட்டுப்புழுவின் சட்டை அது. தோல் எதுவும் நீட்டவில்லை, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால் மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாம். சிலவற்றுக்குள் புழுவுக்குப் பதில் இன்னொரு சின்னக் கூடு இருக்கும். பிராக்கோனிட் என்ற குடும்பத்துக் குளவி ஒன்று இந்தப் புழுவின் உடம்பில் முட்டையிட்டு, தன் குஞ்சை அதற்குள் வளர்க்கிறது. நாங்கள் பிரித்த பதினோரு உறையில் இரண்டில் இப்படி இருந்தது.

எங்கள் பாட்டிலில் இருந்தது ஆவணி கடைசியில், மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது வெளியே வந்திருந்தது. மூடியின் உட்புறத்தில் உட்கார்ந்து இறகை உலர்த்திக்கொண்டிருந்தது. சிவப்பு விளிம்பும் சாம்பல் நடுவுமாக உறை கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது, ஒரு முனையில் அந்தப் பழுப்புத் தோல். அண்ணன் மகள் பூச்சியைக் கொல்லைப்புறத்து விறகுக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தாள். உறையை மட்டும் பெயர்த்து, அறிவியல் நோட்டில் கூட்டுப்புழுப் படத்துக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டி, கீழே தேதியும் "12 மி.மீ., புளியரை, குளியலறைச் சுவர், பிறகு பாட்டில்" என்றும் எழுதிவைத்திருக்கிறாள்.